காலைத் தூக்காமல் நடக்கிறவர்கள்

1

இந்த மாதத்தோடு நான் நியூசிலாந்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. அதை நினைவூட்டியது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல்தான். இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தாதியும் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில், வருடத்துக்கு ஒரு தடவை, மூத்த தாதி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, ஒரு நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை பரிசோதித்துக் காட்ட வேண்டும். எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று போட்டிருந்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தாதி என்றால் ஊசி போடுகிறவள், மருந்து கொடுக்கிறவள் என்றுதான் மன்னார்ப் பக்கம் எங்கள் விடத்தல்தீவில் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் படிக்கப் போனேன். இங்கே ஒவ்வொரு வேலை நேரத்தின் தொடக்கத்திலும் முதல் வேலை பார்ப்பதுதான். நோயாளிக்குத் தன் பெயர், இருக்கும் இடம், நாள் தெரிகிறதா என்று கேட்பதில் தொடங்கும். பிறகு கண்மணி, வாய், கழுத்து. நெஞ்சில் குழாயை வைத்து மூச்சையும் இதயத்தையும் கேட்க வேண்டும். வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். முதலில் அமுக்கினால் குடலின் சத்தம் மாறிவிடும். தோலில் காயம் இருக்கிறதா, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா, பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக நோயாளியைப் பத்து அடி நடக்கவிட்டு அந்த நடையைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தாளில் ஒவ்வொரு வரி உண்டு.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. யாரும் பரிதாபப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. எங்கிருந்து புறப்பட்டேன் என்பது தெரியாவிட்டால் எங்கே வந்து சேர்ந்தேன் என்பதும் தெரியாது. நான் கவனமானவள். மூன்று வருடத்தில் என் தாளில் ஒரு வரியைக்கூட யாரும் திருத்தியதில்லை. சோதனை என்றதும் எனக்குப் பயம் வரவில்லை. முதல் நாள் சப்பாத்தைத் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுப் பதிவுக் கந்தோரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பாவின் பெயர்தான் உண்டு. அதை விளக்கி நான்கு கடிதம் எழுதினேன். நான்காவது கடிதத்துக்கு வந்த பதிலில் என் குடும்பப் பெயர் சவிரிமுத்து என்று முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கிறது. வாட்டில் எல்லோரும் என்னைச் "சவி" என்று கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் அப்பாவைக் கடற்கரையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

2

எனக்குக் கொடுத்த நோயாளியின் பெயர் வால்ட்டர். எழுபத்தொரு வயது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலில் நாற்பது வருடம் இருந்தவர். நெஞ்சுச் சளிக்காக வந்து, தேறி, மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தார். பார்த்து மதிப்பெண் போட வந்தவர் ஹெலன். எங்கள் வாட்டில் எல்லோருக்கும் மூத்த தாதி. அதிகம் பேசாதவர். தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"நானும் ஆயிரக்கணக்கான உயிர்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தவன்தான்" என்றார் வால்ட்டர். "ஆனால் நான் பார்த்து முடித்ததும் அவை குளிரில் நடுங்கிக்கொண்டு ஓடும்."

"உங்கள் சட்டையை நான் திருப்பித் தருவேன்" என்றேன். ஹெலன் சிரிக்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போனது. வலது நுரையீரலின் அடியில் இன்னும் கொஞ்சம் கரகரப்பு இருந்ததைச் சொன்னேன். முழங்கையில் பழைய தழும்பு. குதி நன்றாக இருந்தது. பாத நாடி இரண்டும் தெரிந்தன. அவரை எழுப்பி யன்னல்வரை நடந்து திரும்பி வரச் சொன்னேன். நடந்தார். துணை தேவைப்படவில்லை, தள்ளாடவில்லை. "நடை: சாதாரணம்" என்று எழுதிப் பேனையை மூடினேன்.

ஹெலன் தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னொரு தடவை நடக்கச் சொல்."

வால்ட்டர் இன்னொரு தடவை நடந்தார்.

"என்ன பார்த்தாய்?"

"நிதானமாக நடக்கிறார். விழும் ஆபத்து தெரியவில்லை."

"அவருடைய கால்கள்?"

"நிலத்தில் இருக்கின்றன."

"அதுதான்" என்றார் ஹெலன். "நிலத்தை விட்டு எழும்பவே இல்லை."

அப்போதுதான் எனக்குச் சத்தம் கேட்டது. செருப்பு தரையில் உரசும் சத்தம், ஸ்... ஸ்... என்று. அதுவரையும் அந்தச் சத்தம் அங்கே இருந்திருக்கிறது. இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருந்ததையும் அதன் பிறகுதான் கண்டேன். நரம்பு வைத்தியரைக் கூப்பிட வேண்டிய நடை அது. பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். கேட்டால் ஒப்புவித்திருப்பேன்.

நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "ஆண்கள் அப்படித்தானே நடப்பார்கள்" என்றேன்.

ஹெலன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்.

"எந்த ஆண்கள்?"

மற்ற வரிகள் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். நடைக்கு உரிய வரியை வெறுமையாக விட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் பார்ப்போம் என்றார்.

3

எங்கள் ஊர்க் கடல் ஆழமில்லாதது. கண்டல் மரங்களைத் தாண்டி வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அடியில் சேறு. நண்டு வலை கட்டுகிறவர்கள் வள்ளத்தைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் நடந்துதான் வேலை செய்வார்கள். சேற்றுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கும். அதன் முதுகில் கால் பட்டால் வாலில் உள்ள முள்ளால் அடிக்கும். அந்த முள் ஏறினால் ஆம்பிளைகளும் சத்தம் போட்டு அழுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா என்னைத் தண்ணீருக்குள் இறக்கி நடக்கப் பழக்கினார். "காலைத் தூக்காதை. இழு. தூக்கினால் எங்கை வைக்கப்போறாய் எண்டு உனக்குத் தெரியாது. இழுத்துக்கொண்டு போனால் உன்ரை விரல் அதிலை முட்டும். முட்டினால் நில். அது தன்பாட்டிலை போயிடும்."

இழுத்து நட, முட்டினால் நில். இவ்வளவுதான். ஊரில் எல்லா ஆம்பிளைகளும் தண்ணீருக்குள் அப்படித்தான் நடக்கிறார்கள். வயது போகப்போகக் கரையிலும் அந்த நடை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். நறுவிலிக்குளத்தில் இருந்து நெல் கொண்டுவருகிற வயல்காரர் எங்கள் ஆட்களைப் பார்த்து, "உங்கடை ஆக்களுக்கு நிலத்திலையும் தண்ணிதானோ?" என்று பகிடி பண்ணுவார்கள். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். மத்தியானம் வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்திருக்கும்போது ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பா வருகிறார் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ்ஸில் அறைக்குத் திரும்பும்போது இதை ஒரு நோயாளியின் வரலாறு போல வரிசைப்படுத்திப் பார்த்தேன். கரையிலும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். யார் சொன்னது? எல்லோரும். யாருடைய நடையில் கண்டேன்? சித்தப்பா கோவிலுக்கு நடந்து போவதை நினைத்தேன். அவருக்கும் கடல் தொழில்தான். அவர் காலைத் தூக்கித்தான் வைக்கிறார். நற்கருணை வாங்க வரிசையில் போகும் ஆம்பிளைகளை ஒவ்வொருவராக நினைத்தேன். வெறுங்காலோடு போவார்கள், சத்தம் கேட்காது. ஒழுங்கையில் கேட்ட சத்தம் அப்பாவுடையது மட்டும்தான். அது எப்போது தொடங்கியது? நான் பள்ளிக்கூடம் போன காலத்திலா, நாட்டை விட்டு வருவதற்கு முந்திய மாதங்களிலா? தெரியவில்லை. அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. குளிசை போடுகிறார். கிளினிக்குக்கு மாதாமாதம் போவதாகச் சொல்கிறார்.

மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவைத் திரையில் பார்க்கிறேன். தலை, கழுத்து, சட்டையின் மேல் பொத்தான். கதிரையில் இருப்பார். அதற்குக் கீழே எதையும் நான் பார்த்ததில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை நான்கு மணி. ஊரில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். அம்மாதான் போனை எடுத்தாள்.

"சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன். அம்மா, அப்பாவை எழும்பிக் குசினி மட்டும் நடக்கச் சொல்லுங்கோ. நீங்கள் போனைப் பிடிச்சுக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"எனக்கு ஒரு சோதினை இருக்கு. ஒரு ஆளின்ரை நடையைப் பாக்கவேணும்." பொய் இல்லை.

"அவர் நடக்கிறதை நான் முப்பது வருசமாப் பாக்கிறன். அதிலை பாக்க ஒண்டுமில்லை" என்றாள் அம்மா. ஆனாலும் அப்பா எழும்பிவிட்டார். என் படிப்புக்கு உதவி என்றால் அவர் எதற்கும் எழும்புவார். என்னைப் பற்றி ஊரில் அவர் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது: "என்ரை மகள் மனிசரைத் தலையிலை இருந்து கால் மட்டும் படிச்சவ."

திரையில் கூரை முகடு தெரிந்தது. பிறகு கலண்டர். பிறகு வாசல்.

"அம்மா, கீழை பிடியுங்கோ."

"கீழைதான் பிடிக்கிறன்."

"அது கோழி, அம்மா."

ஒருவழியாக அப்பாவின் கால்கள் வந்தன. சீமெந்துத் தரையில் இழுத்து இழுத்துப் போனார். பாதி வழியில் இடது செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் குசினி வாசல்வரை போய்த் திரும்பிச் சிரித்தார்.

"இவ்வளவும் காணுமோ பிள்ளை? பாஸோ?"

"செருப்பை நடுவிலை விட்டிட்டுப் போறியள்" என்றாள் அம்மா.

அப்பா கீழே பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது. "லூசாப் போச்சு" என்றார்.

வாட்டில் பேசுகிற குரலில் பேசினேன் என்று நினைக்கிறேன். வேறு குரல் அந்த நேரம் என்னிடம் இல்லை. அப்பாவைக் கதிரையில் இருத்தி, போனை ஸ்டூலில் சாய்த்து, வலை பின்னுகிற தங்கூசி நூலில் விரல் நீளத் துண்டு ஒன்று எடுக்கச் சொன்னேன். இங்கே ஆஸ்பத்திரியில் இதற்கென்று பிடி போட்ட நைலோன் இழை பெட்டியில் வருகிறது. அதைப் பாதத்தில் மெதுவாக வளையும்வரை அழுத்துவோம். தெரிகிறதா என்று கேட்போம். முதல் தடவை அதைக் கையில் எடுத்தபோது எங்கள் வீட்டு முற்றம் முழுக்க இது கிடக்குமே என்று நினைத்தேன். அதே தடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுமே தெரியாத பாதத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

"அப்பா, கண்ணை மூடுங்கோ. அம்மா தொடேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ."

வலது பாதம். அம்மா பெருவிரலில் தொட்டாள். "ஓம்." நடுவில். "ஓம்." குதியில் தொட்டபோது கொஞ்சம் தாமதித்து, "ஓம்."

இடது பாதம். அம்மா தங்கூசியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். "இன்னும் தொடேல்லையப்பா."

பிறகு தொட்டாள். அப்பா பேசாமல் இருந்தார். இன்னொரு இடத்தில் தொட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, கணக்குப் பார்த்துச் சொல்கிறவர் போல, "ஓம்" என்றார். அப்போது அம்மாவின் கை பாதத்தில் இல்லை. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் சொல்லாமலே கணுக்கால்வரை ஒவ்வொரு விரற்கடைக்கும் தொட்டுக்கொண்டே வந்தாள். கணுக்காலுக்கு மேலேதான் உண்மையான ஓம் வந்தது.

"குதியைத் திருப்பிக் காட்டுங்கோ அம்மா. வெளிச்சத்துக்கு."

குதியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு துளை. அம்மா முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். "ஊரிச் சிப்பி ஓடு ஏறிக் கிடக்கு. மணக்குது" என்றாள். "இதோடையே மனிசா பூசைக்கு வந்து முழந்தாளிலை நிண்டனீங்கள்?"

"அது சும்மா கீறல்."

"எவ்வளவு நாள்?" என்றேன்.

அப்பா குனிந்து குதியைப் பார்த்தார். நாளைச் சொல்ல அவருக்கு முதலில் காயம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

"காயத்தை விடுங்கோ. கால் விறைச்சு எவ்வளவு நாள்?"

"நீ போறதுக்கு முதல் மாரியிலை தொடங்கினது" என்றார். "அடி தெரியிறேல்லை. பஞ்சிலை நடக்கிற மாதிரி."

"கிளினிக்கிலை சொல்லேல்லையோ?"

"சொன்னால் தண்ணியிலை இறங்காதை எண்டுதானே சொல்லுவினம். கேட்டுக்கொண்டு வந்து வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?" பிறகு, "எல்லாரும் இழுத்துத்தானே நடக்கினம், ஆருக்குத் தெரியப்போகுது எண்டு விட்டிட்டன்" என்றார்.

நான் மனிதரைத் தலையிலிருந்து கால்வரை படித்தவள். அந்த வாக்கியத்தை ஊர் முழுக்கச் சொன்னவர், அந்த நேரமெல்லாம் காலை மட்டும் எனக்குக் காட்டாமல் இருந்திருக்கிறார். கோபம் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்பா, தண்ணிக்குள்ளை உங்கடை கால் திருக்கையிலை முட்டினால் தெரியுமோ?"

"முட்டினால் அது போயிடும்."

"நிண்டால்தானே போகும். முட்டினது தெரிஞ்சால்தானே நிப்பியள்."

திரையில் அவருடைய பாதம் மட்டும் தெரிந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

5

அன்று மாலையே ஒரு தாள் எடுத்தேன். ஆஸ்பத்திரித் தாளில் உள்ள அதே ஒழுங்கில், பார்த்தவற்றை மட்டும் எழுதினேன். பார்க்காதவற்றுக்கு எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதினேன். அது எட்டு வரிகளுக்கு வந்தது. நோயாளியின் பெயர் என்ற இடத்திலும், பரிசோதித்தவர் பெயர் என்ற இடத்திலும் சவிரிமுத்து என்று எழுத வேண்டி வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய், போனை வைத்தியரின் மேசையில் வைத்தாள். வாசிக்கத் தெரியாதவள் அதைச் சரியான பக்கம் பார்க்க வைத்துக் கொடுத்தாளாம். வைத்தியர் இரண்டு தடவை வாசித்துவிட்டு அப்பாவை அன்றைக்கே வாட்டில் மறித்துவிட்டார்.

குதியை வெட்டித் துப்பரவு செய்தார்கள். எலும்புவரை போயிருந்தால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டி வரும் என்று முதலில் சொன்னார்கள். அந்த ஒரு கிழமை நான் வாட்டில் மற்றவர்களின் குதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்புவரை போகவில்லை. பதினொரு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். அங்கேயும் அப்பா தன் வசனத்தை விடவில்லை. "உதைக் கண்டுபிடிச்சது என்ரை மகள். நியூசிலாந்திலை இருந்து" என்று கட்டுப்போட வந்த தாதியிடம் சொல்லியிருக்கிறார். அவ சிலாவத்துறைப் பிள்ளையாம். "மகள் அங்கையிருந்து கண்டுபிடிச்சவ, நீங்கள் இஞ்சையிருந்து ஒளிச்சனீங்கள். இதிலை பெருமை ஆருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கட்டை இறுக்கியிருக்கிறா. அம்மா இதை எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

அப்பா வாட்டில் இருந்தபோதே, சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஹெலனிடம் போனேன். வேறு ஒரு நோயாளி, ஒரு பெண்மணி. அவருடைய நடையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதை எழுதுவதற்கு முன் நான்கு தடவை நடக்க வைத்தேன். ஐந்தாவது தடவை கேட்டபோது அவர், "மகளே, நான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிடு" என்றார். ஹெலன் கையெழுத்துப் போட்டார். வால்ட்டரை நரம்பு வைத்தியர் பார்த்து மருந்து தொடங்கியிருக்கிறார் என்றும் சொன்னார். "எந்த ஆண்கள்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொன்னேன். திருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. தேநீர் ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

6

காயம் ஆறிவிட்டது. வள்ளத்தில் இருந்து வேலை செய்யலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அப்பா அதற்கு "பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா கயிற்றைப் பிடித்து நடக்க, அவர் வள்ளத்தில் இருந்து வலையை எடுக்கிறாராம். அம்மா இதை நம்புகிறாள். நான் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன்.

ஆகையால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்போது காலில் இருந்து தொடங்குகிறது. அம்மா போனை நிலத்தில், அரிசிச் சாக்கோடு சாய்த்து வைக்கிறாள். விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுகிறாள். பிறகு குதி. பிறகு கெண்டைக்கால். கடலில் இறங்கி நடந்தவனின் காலில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு வெள்ளையாக ஓர் உப்புக்கோடு காய்ந்திருக்கும்; ஒரு வாளித் தண்ணீரில் அவசரமாகக் கழுவினால் முழுக்கப் போகாது. நான் தேடுவது அதைத்தான் என்று அப்பாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, சனிக்கிழமை பின்னேரம் குளித்துவிடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சில சமயம் வெள்ளிக்கிழமையும் போன் எடுக்கிறேன்.

போன வெள்ளி கோடு இருக்கவில்லை.

"இப்ப நடவுங்கோ" என்றேன்.

வைத்தியர் வாங்கச் சொன்ன, பின்னால் வார் போட்ட செருப்பு. அப்பா எழும்பி இரண்டு அடி இழுத்தார்.

"தூக்கி வையுங்கோ அப்பா."

"தூக்கினால் எங்கை வைக்கிறன் எண்டு தெரியாது பிள்ளை."

"கண்ணாலை பாத்து வையுங்கோ. வீட்டுக்குள்ளை திருக்கை இல்லை."

"அவவுக்கு எல்லாம் தெரியும்" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனாலும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு, வாசற்படி தாண்டுகிற மாதிரி இடது காலைத் தேவைக்கு அதிகமாக உயர்த்தி வைத்தார். பிறகு வலது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோழி வழி விட்டது. குசினி வாசல்வரை போய், சுவரைப் பிடித்துத் திரும்பி, அதே மாதிரி வந்து சேர்ந்தார்.

தாளை எடுத்து நடை என்ற வரியில் எழுதினேன்: பத்து அடி. கண்ணால் பார்த்துக் காலைத் தூக்கி வைக்கிறார். செருப்பு காலோடு வந்தது.